வெள்ளிக்கிழமை எரியும் விளக்கு

2025.05.10 – ரூ. 2,500
2025.05.24 – ரூ. 4,000
2025.06.14 – ரூ. 2,500
2025.07.05 – ரூ. 3,000

மருதமுனை றுஸ்னா, தன் காரில் இருந்த ஒரு சிறிய சிவப்பு விளக்கை அணைப்பதற்காக நான்கு சனிக்கிழமைகளில் கொடுத்த பணம் இது. ஒவ்வொரு முறையும் விளக்கு அணைந்தது. பின்னர் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை திரும்பவும் எரிந்தது.

ஆசனப்பட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவர் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பந்து. அதுதான் அந்த விளக்கின் படம். கார் மோதினால் விரிந்து ஆளைத் தாங்க வேண்டிய எயார்பேக்கில் ஏதோ கோளாறு என்று அது சொல்கிறது.

றுஸ்னாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் பர்ஸான் 2019இல் மாரடைப்பால் இறந்தபோது ஒரு பலசரக்குக் கடையை விட்டுப்போனார். கடையை நடத்தும்படி ஊரே சொன்னது. அவர் அதை விற்றார், கார் ஓட்டப் பழகினார், பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார்.

“கடைய வித்துக் காரா? இனி என்னகா, றோட்டுலயா உலை வைக்கப் போறா?” என்று கேட்டவர் கணவர் வழி மச்சி முஸ்பிறா. ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிகள் பெண் ஓட்டும் காரில் கூச்சமில்லாமல் ஏறினார்கள். முஸ்பிறாவின் கடைசி மகனும் பிறப்பதற்குச் சற்று முன்னர் அந்தக் காரில்தான் போனான்.

இந்த ஆண்டு திருக்கோவிலில் உள்ள ஒரு சிறுவர் சிகிச்சை நிலையம், நடக்க இயலாத பிள்ளைகளையும் தாய்மாரையும் கல்முனைப் பக்கமிருந்து நாளாந்தம் ஏற்றிவரப் பெண் சாரதி ஒருவரைத் தேடியது. ஒரு வருட ஒப்பந்தம். றுஸ்னா விண்ணப்பித்தார். ஜூலை 22இல் வாகனப் பரிசோதனை. எச்சரிக்கை விளக்கு எரியும் கார் எடுக்கப்படமாட்டாது.

முதல் மூன்று தடவையும் அவர் போன கராஜில் விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள்; கடைசியில் ஒரு குறுக்கு வழியும் சொன்னார்கள்.

“வயர் ஒண்ட வெட்டினாச் சரி, ராத்தா. லைட் எரியா. ஆருக்குத் தெரியப்போகுது?”

“மோதுற அண்டைக்கு எனக்குத் தெரியவருமே, தம்பி” என்று சொல்லிவிட்டு றுஸ்னா காரைத் திருப்பினார்.

நான்காம் தடவை நற்பிட்டிமுனைக்குப் போனார். அங்கே கதிர்காமன் வாகன மின்வேலை செய்பவர். அவர் பரிசோதிக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார். முன் இடது ஆசனத்தின் பக்க எயார்பேக், மின்தடை அதிகம் என்று காட்டியது.

“பேக் பழுதில்ல, தங்கச்சி. அதுக்குப் போற வழியிலதான் எங்கயோ பிழை. வந்து வந்து போற பிழை.”

“அது வாறது வெள்ளிக்கிழமையில, அண்ணன்.”

“ஏன், வெள்ளிக்கிழமையில உங்கட காரும் பள்ளிக்குப் போகுதோ?”

“ஓம். போகுதுதான்.”

கதிர்காமன் சிரித்தார். றுஸ்னா சிரிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் தன் வாப்பாவின் தம்பியான சாச்சா சரீபை ஜும்ஆத் தொழுகைக்கு அவர்தான் ஏற்றிப்போகிறார். முழங்கால் நோவுக்காரரான சாச்சா, இடது ஆசனத்தைக் கடைசிவரை பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொள்வார்.

ஆசனம் பின்னால் போகும்போது வயர் இழுபடுகிறதோ என்று கதிர்காமன் அதை முன்னும் பின்னும் பலமுறை தள்ளிப் பார்த்தார். அணைத்த விளக்கு திரும்ப எரியவில்லை.

“வயர் நல்லா எட்டுது. அப்ப உங்கட சாச்சா காருக்குள்ள வேற என்ன செய்யிறார்?”

“இரிக்கிறார். வேற என்ன செய்யிற?”

அது சரியான பதில் அல்ல என்பது அவருக்கே தெரியாது. பள்ளிவாசல் முன் ஆண்கள் கூடும் இடத்தில் நிற்பது அழகல்ல என்று காரை நிறுத்தியவுடன் அவர் இறங்கி உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார். ஜூலை 11, வெள்ளிக்கிழமை அப்படிப் போகாமல், எதிர்ப்பக்கத்துக் கடை நிழலில் நின்றார்.

சாச்சா கதவைத் திறந்தார். பக்கவாட்டாகத் திரும்பி, கால்களை வெளியே விட்டார். ஆசனத்துக்குக் கீழிருந்து பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்தார். தொழுகைக்கு முன் சுத்தம் செய்யும் முறையில் முகத்தைக் கழுவினார், முழங்கைவரை கைகளைக் கழுவினார். முழங்கையால் வழிந்த தண்ணீர் ஆசனத்துக்கு அடியில் இறங்கியது. கால்களையும் கழுவி, போத்தலின் மூடியை அரைகுறையாகத் திருகி, பழைய இடத்திலேயே செருகினார்.

“சாச்சா! என்ன செய்யிறீங்க?”

“வுழூ எடுக்கிறன். பள்ளிப் பைப்படியில குனிய ஏலா.”

“அதுக்குக் காருக்குள்ளயா?”

“காருக்குள்ள எங்ககா? காலு ரெண்டும் வெளிய கிடக்கு, பாரு.”

“எப்ப இருந்து?”

“நோம்புப் பெருநாள் முடிஞ்சதுல இருந்து. ஏன் புள்ள, சுத்தமான தண்ணிதானே?”

அன்று பின்னேரமே றுஸ்னா நற்பிட்டிமுனைக்குப் போனார். கதிர்காமன் பற்றரியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் பொறுத்தார். பிறகு ஆசனத்தின் ஆணிகளைக் கழற்றிச் சரித்தார். தரைவிரிப்பு ஊறிக் கிடந்தது. அதன்மேல் எயார்பேக் வயரின் மஞ்சள் நிற இணைப்பு ஒன்று. இழுத்துப் பிரித்தபோது உள்ளே ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“இந்தா பாருங்க, தங்கச்சி. சாச்சா காருக்கும் சேர்த்து வுழூ எடுத்திருக்கிறார்!”

இந்த முறை றுஸ்னாதான் முதலில் சிரித்தார்.

கதிர்காமன் புதிய இணைப்பைப் போட்டு, அது தரையில் படாதபடி ஆசனச் சட்டத்தோடு உயர்த்திக் கட்டினார். விரிப்பு வெயிலில் காய்ந்தது. றுஸ்னா ஒரு பிளாஸ்டிக் கதிரையை வாங்கிப் பள்ளிவாசல் பைப்படிக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வெள்ளி சாச்சா அதில் உட்கார்ந்து வுழூ எடுத்தார். தொழுகை முடிந்து காரில் ஏறியதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“எரியுதா?”

“இல்ல, சாச்சா.”

“அப்ப நான் குற்றவாளி இல்ல.”

“நீங்கதான். கதிரை வந்ததாலதான் எரியல்ல.”

பரிசோதனைக்கு நான்கு கார்கள் வந்திருந்தன. பரிசோதகர் தானே சாவியைத் திருப்பினார். சாவி திருப்பியதும் அந்தச் சிவப்பு ஆள் முதலில் எரிய வேண்டும். தன்னைத்தானே சோதித்துவிட்டு அணைய வேண்டும். முதல் காரில் அது எரியவே இல்லை.

“இது வெட்டின லைட். கொண்டு போங்க” என்று அவர் கதவைச் சாத்தினார்.

றுஸ்னாவின் காரில் எரிந்தது. அணைந்தது. பரிசோதகர் ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளி இன்னொரு முறை சாவியைத் திருப்பினார். எரிந்து அணைந்தது.

“நல்லா செஞ்சிரிக்கி. ஆர் பார்த்தது?”

“நற்பிட்டிமுனை கதிர்காமன் அண்ணனும் நானும்.”

திரும்பும் வழியில் கதிர்காமனின் பட்டறையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு இறங்கியது. மருதமுனையில் அவர் வீட்டு ஒழுங்கைக்குள் கார் ஹோன் அடித்தபடியே நுழைந்தது. வேலிகளுக்கு மேலாகத் தலைகள் எழும்பின. முஸ்பிறா ஓடிவந்து, யாரும் கூப்பிடாமலே முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“சாவியத் திருப்புகா, நானும் பாக்க!”

வாகனம் தகுதியானது என்ற கடிதம் ஜூலை 28ஆம் திகதி வந்தது. ஒப்பந்தக் கடிதம் வந்தது 2025 ஓகஸ்ட் 6, புதன்கிழமை.