மச்சாள் கழுவிய கொங்கோ இசைத்தட்டுகள்

2008 ஏப்ரல், வெள்ளிக்கிழமை

ரொறொன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பஸ் ஆறரை மணித்தியாலம் எடுக்கும், நடுவில் கிங்ஸ்ரனில் நிறுத்திக் கழுவுநீர் போன்றதொரு கோப்பியை விற்பார்கள். காலை ஒன்பதரைக்கு ஏறி, மடியில் ஒரு பெரிய பிஸ்கற் டின்னை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பையன் மொன்றியலில் படிக்கும் சென்னைப் பிள்ளை. கிங்ஸ்ரன் வரும்வரை டின்னையே பார்த்துக்கொண்டிருந்தவன் கடைசியில் பொறுக்காமல் கேட்டான்.

"ஆன்ட்டி, உள்ள முறுக்கா?"

பாவம், பசியாயிருக்கும். திறந்து காட்டினேன். உள்ளே துவாயில் சுற்றிய ஒரேயொரு சின்ன இசைத்தட்டு. அவன் முகம் விழுந்துபோனது. பரிகாரமாகக் கைப்பையிலிருந்த மீன் பணிஸைக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பைத்தியக்காரி எதற்காகப் பயணப்பட்டாள் என்று விளங்காது.

என் அப்பா மட்டக்களப்புக் கணித வாத்தியார். எழுபதுகளில் சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போனார். நாங்கள் வளர்ந்த கிட்வே நகரத்திலிருந்து கொங்கோ எல்லை கூப்பிடு தூரம். மாலையானால் தெரு முழுவதும் கொங்கோ ரும்பாதான். கித்தார்கள் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போகும். அந்தக் காலத்துச் சின்னத் தட்டுகளில் ஒரு பாட்டை இரண்டாக வெட்டிப் பதிவார்கள். முதல் பக்கத்தில் பாட்டு. மறுபக்கத்தில் பாட்டு அடங்கிக் கித்தார்கள் அவிழ்த்துவிட்ட கன்றாக ஓடும். ஆட்டம் சூடு பிடிப்பது அங்கேதான். எங்கள் தெருவில் இதற்கொரு முறை இருந்தது. தட்டைத் திருப்பிப் போடும்வரை ஆடுகிற சோடி கையை விடக்கூடாது, நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். போய் இருந்துவிட்டால் உன்னோடு ஆடப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

எனக்கென்று அப்பா வாங்கித் தந்த முதல் தட்டுத்தான் இந்த டின்னுக்குள் இருப்பது. அதன் மறுபக்கத்தில் என் தம்பி, வாத்தியார் வீட்டுப் பிள்ளையல்லவா, கவராயத்தின் கூரைக் குத்தி வட்டம் கீறிப் பழகினான். அன்றிலிருந்து எனக்குப் பாதிப் பாட்டுத்தான். வளர்ந்து, ஸ்காபரோவில் குடியேறி, இருந்த காசையெல்லாம் கொங்கோத் தட்டுகளில் கொட்டினேன். அவற்றைக் கணினியில் பதிந்து இணையத்தில் ஏற்றி யாரென்று தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அந்த மறுபக்கம் மட்டும் அகப்படவில்லை. போன மாரியில் மொன்றியலிலிருந்து ஒருவர் என் இணையப் பக்கத்தில் எழுதினார்: அந்தத் தட்டு முழுதாக என்னிடம் இருக்கிறது, தபாலில் அனுப்பமாட்டேன், வந்து கேளுங்கள்.

பையன் பணிஸை விழுங்கிவிட்டு, "அரைப் பாட்டுக்காகவா இவ்ளோ தூரம்?" என்றான். என் மனுசனும் இதைத்தான் கேட்டார்.

பஸ் நிலையத்திலிருந்து மெற்றோ, ரிக்கெற் இரண்டே முக்கால் டொலர். ஜான்-தலோனில் நீலப் பாதைக்கு மாறிப் பார்க் நிலையத்தில் இறங்கினேன். அந்த வருடம் பனி கொட்டித் தீர்த்திருந்தது. இப்போது எல்லாம் ஒரேயடியாக உருகி, பார்க் எக்ஸ்டென்ஷன் நடைபாதைகள் வாய்க்காலாக ஓடின. மூன்றாம் மாடியில் என் மச்சாள் சறோ, சப்பாத்தைக் கழற்றுமுன்பே புட்டும் மீன்குழம்பும் வைத்துவிட்டாள். அவள் மனுசன் துறைமுகத்திலிருந்து லொறி ஓட்டுபவர், ஞாயிறு இரவுதான் வருவாராம். சாப்பிட்டதும் படுத்தேன்.

சனிக்கிழமை

தட்டுக்காரரின் பெயர் முலும்பா. அறுபது தாண்டியவர், லுபும்பாஷியில் பிறந்தவர். நான் கிட்வேத் தெருவில் பொறுக்கிய பெம்பா மொழி அவருக்கும் தெரியும் என்பதால் பாதி ஆங்கிலம் பாதி பெம்பா என்று சமாளித்தோம். வீடு மச்சாள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை, தரைக்குக் கீழே பாதி புதைந்த வீடு. கதவைத் திறந்தவர் அவர் மனைவி பெயாத்ரிஸ். ரப்பர் சப்பாத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் கணுக்கால் அளவு தண்ணீர்.

உருகிய பனி வியாழன் இரவு சுவரால் இறங்கியிருக்கிறது. கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த சின்னத் தட்டுகள் அத்தனையும் நனைந்து, உறைகள் கூழாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் தேடி வந்ததும் அதற்குள் எங்கோ. முலும்பா ஒரு கதிரையில் கோட்டும் தொப்பியுமாக இருந்தார், வீட்டுக்குள்ளேயே பயணம் புறப்பட்டவர் மாதிரி. ஞாயிறுகளில் தேவாலயப் பூசை முடிய இருபது முப்பது பேர் இங்கே கூடுவார்களாம், இருபது வருடப் பழக்கம். கொங்கோ யுத்தத்தில் வீடு வாசல் விட்டு வந்தவர்களுக்கு வேறு ஆடுமிடம் கிடையாது. அதையெல்லாம் நிறுத்தப்போவதாகச் சொன்னார்.

"விரும்பினதை எடுங்கள். மிச்சம் திங்கட்கிழமை குப்பையோடு போகும்."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வாயூறியது. அந்தக் குவியலை அள்ளிக்கொண்டு ரொறொன்ரோ போனால் நான் ராணி. ஆனால் அந்த மனுசனின் தொப்பியைப் பார்த்தபின் எப்படி அள்ளுவது? நான் பெயாத்ரிஸைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கழுவிக் காயவைத்தால் பிழைக்கும் என்றேன். எங்கே காயவைப்பது என்று கேட்டார் முலும்பா. என் மச்சாளிடம் மூன்றாம் மாடி இருக்கிறது என்றேன்.

மச்சாளின் சாமான் வாங்கும் இரண்டு சில்லு வண்டியில் சேற்றுப் பனிக்குள்ளால் இழுத்தோம். மச்சாள் கட்டடம் முழுவதும் கதவு தட்டி, குஜராத்திக்காரியிடமும் கிரேக்கக் கிழவரிடமும் வங்காளத்துப் பிள்ளைகளிடமும் கோப்பை அடுக்கும் தட்டிகளை இரவல் வாங்கி வந்தாள். வெந்நீர் கூடாது, கோப்பை கழுவும் சவர்க்காரம் இரண்டு துளி, மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்து நிமிர்த்தி வைக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு முலும்பா வீட்டுத் தண்ணீரை இறைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது நாற்பது தட்டுகள் பளபளவென்று வரிசையாக நின்றன. மச்சாள் இடுப்பில் கைவைத்து, பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். ஏதோ குறைகிறதே என்று பார்த்தேன். ஐயோ! நடுவிலிருந்த காகிதம் ஒன்றிலும் இல்லை. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், எது முதல் பக்கம், எது மறுபக்கம், ஒன்றுமே இல்லை.

"அந்த ஊத்தைக் கடதாசியா? ஊறித்தானே கிடந்திச்சு கா. ஜாம் போத்தல்ல லேபல் உரிக்கிற மாதிரி நகத்தால சுரண்டினன், வடிவா வந்திற்று."

எங்கள் வீடுகளில் எந்த ஜாம் போத்தல் பெயரோடு இருந்திருக்கிறது? ஊறவைத்து, சுரண்டி, காயவைத்து, மிளகாய்த்தூள் போட்டுவைக்காவிட்டால் மச்சாளுக்கு நித்திரை வராது. என்னத்தைச் சொல்லி ஏசுவது? ஏசத்தான் ஏசினேன். அவள் அழுதாள், பிறகு நானும் அழுதேன். குப்பையில் போடாமல் காப்பாற்றுகிறேன் என்று கொண்டுவந்து, ஒரு மனுசனின் இருபது வருடத்தைக் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

முலும்பா படியேறி வந்து பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கூடுதல் வேதனை. ஒவ்வொரு தட்டையும் போடுமுன் யார் பாடியது, கித்தார் யார், எந்த வருடம் என்று அவர் எழுந்து நின்று சொல்வாராம். நடுவட்டத்தைச் சுற்றிப் பொறித்திருந்த இலக்கங்கள் இருந்தன, ஆனால் எந்த இலக்கம் எந்தப் பாட்டு என்று அவருக்கும் தெரியாது.

"பெயரில்லாமல் நான் என்ன சொல்லி இதைப் போடுவேன்?" என்றார்.

பெயாத்ரிஸ் சிரித்தேவிட்டார். "இருபது வருடம் நீ ஒருத்தன்தான் பேசினாய். நாளைக்கு மற்றவர்கள் பேசட்டும்." சொல்லிவிட்டு மச்சாளின் பக்கம் திரும்பி, உன் வீட்டில் சோபாவைத் தள்ள இடமிருக்கிறதா என்று கைச்சாடையால் கேட்டார். மச்சாள், என்ன கேட்டாலும் ஓம் சொல்லும் நிலைமையில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிய, வெளிப்புறத்து இரும்புப் படியின் வளைவுகளில் கோட்டும் சூட்டும் பூப்போட்ட நீள உடைகளுமாக ஒரு ஊர்வலம் ஏறியது. மச்சாள் விடிய எழும்பி மட்டன் றோல்ஸ் பொரித்திருந்தாள். குற்றவுணர்ச்சி வந்தால் எங்கள் பெண்கள் பொரிக்கத்தான் செய்வார்கள். முலும்பாவின் சுழல்தட்டை ரீவியின் மேசையில் வைத்தோம். முலும்பா வந்தார், ஆனால் கோட்டைக் கழற்றாமல் கதவோரக் கதிரையில் இருந்தார். எந்த நேரமும் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தது. போனால் மறுநாள் காலை குப்பை வண்டிதான்.

ஒருவரும் எழும்பவில்லை. மச்சாள்தான் போய் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். தட்டுகளைத் தொட அதுவரை அந்தக் கூட்டத்தில் எவருக்கும் அனுமதி இருந்ததில்லையாம். கித்தார் தொடங்கியதும் மஞ்சள் உடை போட்ட ஒரு பெண் இது என் கலியாணத்தில் போட்ட பாட்டு என்றார். அவர் கணவன், "இல்லை, அது வேறு" என்றார். எந்தக் கலியாணத்தைச் சொல்கிறாய் என்று அந்தப் பெண் கேட்க வீடே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர் பாடகர் பெயரைச் சொன்னார், இன்னொருவர் மறுத்தார், சண்டை பிரெஞ்சிலும் லிங்காலாவிலும் சூடேறியது. முலும்பா பொறுத்துப் பார்த்தார். முழுப் பிழையாக ஒருவர் ஒரு வருடத்தைச் சொன்னதும் பொறுக்க முடியவில்லை. எழுந்து, கோட்டைக் கழற்றிச் சோபாவில் எறிந்துவிட்டுச் சண்டைக்குள் இறங்கினார். பெயாத்ரிஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் ஒத்துக்கொண்ட பெயரை ஒட்டுநாடாவில் எழுதித் தட்டின் நடுவில் ஒட்டினோம். ஒத்துவராதவற்றில் இரண்டு பெயரையும் எழுதினோம்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு தட்டு. பாட்டே இல்லை, கித்தார் மட்டும், எடுத்த எடுப்பிலேயே ஓட்டம். எனக்குத் தெரியாதது. நல்லாயிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு குசினிக்குள் றோல்ஸ் எடுக்கப் போனேன். அது முடிந்து முலும்பா திருப்பிப் போட்டார். முதல் இரண்டு கித்தார் தட்டலிலேயே றோல்ஸ் அடுக்கிய பீங்கானோடு திரும்பினேன். என் பாட்டு. தம்பி கீறாமல் விட்ட பக்கம். அப்படியென்றால் இவ்வளவு காலம் நான் தேடிய மறுபாதி, றோல்ஸ் அடுக்குகிற நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஓடி முடிந்துவிட்டது. எது முதல் பக்கம் என்று சொல்லக் காகிதம் இருக்கவில்லையே!

ஓடி வந்து, இது என்னுடையது, பிழையான பக்கத்தை முதலில் போட்டுவிட்டோம், இது முடியத் திரும்பவும் திருப்புங்கள் என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் கத்தினேன். பெயாத்ரிஸ் பீங்கானை வாங்கி மச்சாளிடம் கொடுத்துவிட்டு என்னை நடுவுக்கு இழுத்தார். ஆடினோம். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் முழுவதையும் நான் பாடினேன். பக்கம் முடிந்தது. முலும்பா தட்டைத் தூக்கினார், துடைத்தார், திருப்பினார். அவசரப்படவில்லை, பாவி மனுசன். அறையில் ஒருவர்கூடக் கையை விடவில்லை. கிட்வேயிலும் லுபும்பாஷியிலும் ஒரே முறைதான் போலிருக்கிறது. அந்தச் சத்தமில்லாத கொஞ்ச நேரம் நான் பெயாத்ரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஊசி இறங்கியது. எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நான் அழுதுகொண்டே ஆடினேன், அவ்வளவுதான் தெரியும்.

முடிந்ததும் முலும்பா ஒட்டுநாடாவையும் பேனையையும் என்னிடம் நீட்டினார். பெயரை எழுதினேன். இது முதல் பக்கம், இது மறுபக்கம் என்றும் தெளிவாக எழுதினேன். தட்டை நீங்களே வைத்திருங்கள் என்றார். ஒரு கணம் வாங்கினேன், கை சும்மா இருக்குமா? பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் உடைக்காரி அடுத்த கிழமையும் இதைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை

காலையில் குப்பை வண்டி வந்து கூழாகிய உறைகளை மட்டும் கொண்டுபோனது. முலும்பா வீடு காயும்வரை ஞாயிறுகள் தன் வீட்டில்தான் என்று மச்சாள் அறிவித்துவிட்டாள். இன்னும் பெயர் வைக்காத தட்டுகள் அரைவாசி இருக்கின்றனவாம். இரவு வந்து இறங்கிய மச்சாளின் மனுசன், தன் சோபா ஏன் சுவரோடு நிற்கிறது என்று கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புறப்படுமுன் என் பாட்டின் இரண்டு பக்கங்களையும் மடிக்கணினியில் பதிந்துகொண்டேன். பஸ் ஆற்றைக் கடந்து மேற்கே திரும்பியதும் காதில் மாட்டிக் கேட்டேன். அதே பாட்டு, சத்தமும் சுத்தம். முதல் பக்கம் முடிந்து மறுபக்கம் இடைவெளியில்லாமல் தொடங்கியது. என் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. இத்தனை வருடம் இணையத்தில் ஏற்றியதெல்லாம் எத்தனையோ பேரிடம் இப்படித்தான் போயிருக்கும், தனித்தனியாக, காதுக்குள். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் நான் பேசிப் பழகாத கொங்கோக் குடும்பம் ஒன்று ஏழாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கியில் தலையாட்டுவதோடு சரி.

கிங்ஸ்ரனில் இறங்கி வீட்டுக்குப் போன் எடுத்தேன். கிடைத்ததா என்று கேட்டார் மனுசன்.

"கிடைச்சது. நீங்க அந்தச் சோபாவைச் சுவரோட தள்ளி வைங்க. வாற ஞாயிறு ஆக்கள் வருவாங்க."

"ஆர் வாறது?"

"தெரியாது. இனித்தான் போய்க் கதவைத் தட்டோணும்."