கையுறைக்குள் ஏறிய ஊசி

மூன்று வருடங்களுக்கு முன்பு, நெய்யாற்றின்கரைக்கு அருகில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மேற்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அந்த வருடம் எங்கள் தேவாலய சபையில் நடந்த ரத்ததான முகாமில் நானும் ரத்தம் கொடுத்தேன். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, தனியாக உட்கார வைத்துச் சொன்னார்கள்: ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாமாம். கல்லூரியில் சேர்ந்தபோது தடுப்பூசி போட்டார்கள். அதற்கு முன்னால் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாததால் எனக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இது வெளியே தெரிந்தால் இனி ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கையுறையை இரட்டையாகப் போட்டால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பதினாறு நாள் வழக்கம்போல ஆபரேஷன்களில் நின்றேன்.

அடுத்த நாள் வெள்ளறடையைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அவர் விழித்துத்தான் இருந்தார். தையல் போடும்போது ஊசி வழுக்கி என் இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. சுதாரிப்பதற்குள் அதே ஊசி அவருடைய சதையிலும் பட்டுவிட்டது. உறைக்குள் ரத்தம் பரவுவது தெரிந்தது.

"பயப்படண்டாம் டாக்டரே, பேஷண்டுக்கு எல்லா டெஸ்டும் நெகட்டிவ் ஆக்கும்" என்று நர்ஸ் எனக்கு ஆறுதல் சொன்னார். எங்கள் யூனிட் தலைவி மேடம் மீதித் தையலைப் போட ஆரம்பித்தார். கையைக் கழுவுவதற்காக நகர்ந்தேன். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த மனிதரின் குரல் கேட்டது.

"மக்கா, கையில குத்திச்சா? மருந்து வச்சுக்கோ, கேட்டியா."

குழாயடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேடம் வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்: "மேடம், எனக்குத்தான் ஹெபடைடிஸ் பி உண்டு."

அவர் என்னைத் திட்டவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். ரத்த வங்கியில் கூப்பிட்டுச் சொன்ன நாளைச் சொன்னேன்.

"அவருக்கு இன்னைக்கே மருந்து போடணும். நானும் கூட வாறேன். ஆனா சொல்ல வேண்டியது நீயாக்கும்."

வார்டில் ஆட்டோ டிரைவரின் மனைவியும் பக்கத்தில் இருந்தார். நான் சொல்லி முடித்ததும் டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவிதான் கேட்டார்: "தெரிஞ்சிட்டுமா கத்தி பிடிச்சே? எங்களுக்கு ரெண்டு பிள்ளையள் உண்டு." மன்னிப்பு கேட்டேன். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அன்றுதான் தெரிந்தது.

அவருக்கு நோயைத் தடுக்கும் ஊசிகள் போட்டார்கள். நான் தியேட்டரிலிருந்து விலக்கப்பட்டு, மாத்திரை சாப்பிடத் தொடங்கினேன். வார்டிலும் ஓ.பி.யிலும் மட்டும் வேலை. ரத்தப் பரிசோதனைக்கு அவர்கள் வரும் நாளிலெல்லாம் நானும் லேப் வாசலில் போய் நிற்பேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே மாட்டார்.

ஆறாவது மாதம் கடைசிப் பரிசோதனை முடிவு வந்தது. அவருக்கு ஒன்றும் தொற்றவில்லை. அன்றைக்கு அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"ஆறு மாசமா எனக்கு உறக்கம் இல்ல. அதை நான் மறக்க மாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லலேண்ணா அந்த ஊசியும் போட்டிருக்க மாட்டாவ, இல்லியா" என்றார். போகத் திரும்பியவர் நின்று, "உனக்கு இப்ப எப்படி உண்டு?" என்று கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன், கிருமி குறைந்து வருகிறது என்றேன்.

மாத்திரையால் என் ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த பிறகு, மருத்துவர் குழு ஒன்று என் அறிக்கைகளைப் பார்த்து மறுபடியும் ஆபரேஷன் செய்ய அனுமதித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

படிப்பை ஒரு வருடம் தாமதமாக முடித்து, இப்போது அறுவை சிகிச்சை நிபுணராக இருக்கிறேன். சம்மதப் படிவத்தில் ஒருவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடும்போது, யாரென்றே தெரியாத என்னை இவர் எவ்வளவு நம்புகிறார் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்வேன்; அந்த நினைப்பு வராத நாளில் கத்தியைத் தொடும் தகுதி எனக்கு இருக்காது.