மே வரை விரதம்

வீட்டுக்கு எதிரிலேயே ரொட்டிக்கடை. ஆனாலும் குட்ருன் எட்டல் டீச்சர் காலிப் பையோடு பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறார். பிப்ரவரியில் தொடங்கும் இந்த அலைச்சல் மே மாதம்தான் ஓயும்.

நான்காம் வகுப்பு டீச்சர். ஜெர்மனியில், எங்கள் பவேரியாவில் பிள்ளைகளுக்குப் பத்து வயதில் பாதை பிரிந்துவிடும்: பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் கிம்னாசியமா, தொழில் பக்கம் திருப்பிவிடும் பள்ளியா? மே மாதச் சான்றிதழ் அதைச் சொல்லும். அதில் மதிப்பெண் போடும் கையில் ஊரார் யாரும் ஓசியில் ஒரு பன்னைக்கூட வைத்துவிடக் கூடாது என்பது அவர் விரதம்.

ஒரு மார்ச் மாதம், முடிவெட்டும் பெண்மணி இடப்பக்கத்தை முடித்துவிட்டுக் கத்தரியை நிறுத்தி, தன் மகனின் கணக்கு மார்க்கை விசாரித்தாராம். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். வலப்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு வாரம் பாடம் நடத்தினார். "தொப்பின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்பார்.

இந்த வருஷம் வந்தவர் கறிக்கடை லுட்விக் கிரைட்மயர். இங்கே ஒன்றுதான் உச்ச மதிப்பெண். எண் ஏற ஏறத் தரம் இறங்கும். எல்லாப் பெற்றோரும் எண்ணைக் குறைக்கச் சொல்லி வருவார்கள். இவர் கூட்டச் சொல்லி வந்தார்.

"ரெண்டை மூணாக்கிடுங்க டீச்சர். உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

மகள் ஆஃப்ரா கெட்டிக்காரி. கிம்னாசியம் போனால் கத்தி பிடிக்கத் திரும்ப மாட்டாள், தாத்தா காலத்துக் கடைக்கு ஆளில்லாமல் போகும் என்று அவருக்குப் பயம். தரம் இறங்கினால் பழி டீச்சர் தலையில் விழும். மகளிடம் தான் நல்லவராகவே இருக்கலாம்.

"உங்க தராசுல நான் என்னிக்காவது விரல் வெச்சிருக்கேனா?"

"தராசு வேற, பொண்ணு வேற டீச்சர்."

"அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். வேணாம்னா நீங்களே அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அதுக்கு என் பேனாவைக் கூப்பிடாதீங்க."

கிரைட்மயர் வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விட்டாராம். எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொல்கிற டீச்சர், இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

சான்றிதழில் இரண்டு இரண்டாகவே இருந்தது. கிம்னாசியத்தில் பெயர் பதியக் கடைசி நாள். வேலைநாளில் மூடியறியாத கறிக்கடை மூடிக் கிடந்தது. கல்யாணக் கோட்டு மாட்டிக்கொண்டு கிரைட்மயர் மகளோடு ரயிலேறியதை ஊரே பார்த்தது.

மறுநாள் டீச்சர் கடைக்குள் நுழைந்தார். வரிசையில் நின்ற நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கிரைட்மயர் நிமிரவில்லை. கேட்டதை எடைபோட்டுப் பொட்டலம் கட்டினார். காசை வாங்கிப் போட்டார். பிறகு, அம்மாவோடு வரும் குழந்தைகளுக்குக் கொடுப்பாரே, அதேபோலத் தொத்திறைச்சியில் ஒரு வில்லை அறுத்து, முள்கரண்டியில் குத்தி, கண்ணாடிப் பெட்டிக்கு மேலாக நீட்டினார்.

டீச்சர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆவென்று வாயைத் திறந்தார்.