ஞாயிற்றுக்கிழமைக் குன்றுகள்

நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று கிடையாது. மாதா கோயில் மணிக்கூண்டையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டால் நிமிர்ந்து பார்க்க எதுவும் இல்லை. கல்யாணமாகி ஓசூருக்கு வந்த அன்று, பேருந்து கிருஷ்ணகிரியை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரே பாறையாக ஒரு மலை எழுந்து நின்றது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி, "இது என்ன மலைங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "இங்க எங்க பாத்தாலும் இதான்" என்றார். அவர் தர்மபுரிக்காரர். அவருக்குப் பாறை என்பது விவசாயத்துக்கு ஆகாத இடம், அவ்வளவுதான்.

எனக்கு அப்படி இல்லை. ஓசூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு குன்று கூடவே வந்தது. இந்தப் பக்கத்தில் சின்னப் பாறைக்குன்றைக் கரடு என்கிறார்கள். ஒவ்வொரு கரட்டுக்கும் ஒரு முதுகு, ஒரு முகம். கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி, பார்த்த குன்றையெல்லாம் பென்சிலால் வரைய ஆரம்பித்தேன். வரையத் தெரியாது. மேல்விளிம்பை மட்டும் ஒரு கோடாக இழுத்து, கீழே இடத்தை எழுதி, ஏறியிருந்தால் ஒரு டிக் போடுவேன். அவர் பார்த்துவிட்டு, "மலைக்கெல்லாம் ஆதார் கார்டு எடுக்கறியா?" என்று சிரித்தார். ஆனாலும் வாரம் தவறாமல் கூட்டிக்கொண்டு போனார். வண்டி உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. ஞாயிறு மட்டும்தான் எங்களுக்குச் சொந்தம்.

இரண்டு பையன்கள் பிறந்தபிறகும் அது நிற்கவில்லை. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, செய்துவைத்த தக்காளிச் சோற்றை டிபனில் அடைத்து, இரண்டு பாட்டில் தண்ணீரோடு கிளம்பிவிடுவோம். பெட்ரோல் டேங்க் மேல் பெரியவன், எங்கள் நடுவில் சின்னவன். வெகுதூரம் போக முடியாத வாரங்களில் ஓசூர்க் கோயில் மலைப் படிகளில் ஏறுவோம். நாங்கள் சாமி கும்பிடப் போகவில்லை என்று தெரிந்தும் பூக்காரம்மா ஒவ்வொரு முறையும் பையன்களுக்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பார்.

பெரியவனுக்கு ஐந்தரை வயதில், கெலமங்கலம் தாண்டி ஒரு கரட்டுக்குப் போயிருந்தோம். அதிக உயரமில்லை. சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய்விட்டார். பெரியவன் பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தான்.

"நீங்கள்லாம் போங்கம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"எந்திரி. எத்தன தடவ உக்காருவ?"

"கால் வரலம்மா."

"கால் வராம என்ன? மனசு வரல. சோம்பேறி."

இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன். தோள் இரண்டும் காதுவரை மேலே போக, உடம்பு என் கைகளுக்கிடையே நழுவி இறங்கியது. வேண்டுமென்றே தொளதொளவென்று விடுகிறான் என்று நினைத்தேன். கெண்டைக்காலில் ஓர் அடி வைத்தேன். கல் மாதிரி இருந்தது அந்தக் கால். அவன் கெண்டைக்கால் வயசுக்கு மீறிப் பெருத்திருப்பதில் எங்களுக்குப் பெருமை வேறு. "பயில்வான் காலு" என்று அவர் எல்லோரிடமும் காட்டுவார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மகுகெ காலு நோவாம்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள். குழந்தைக்குக் கால் வலியா என்கிறாள். "வலியெல்லாம் இல்ல, அடம்" என்று சொல்லிவிட்டு அவனை இழுத்துக்கொண்டு ஏறினேன். உச்சிக்குப் போனதும் நோட்டை எடுத்து எதிர்க் குன்றை வரைந்தேன். அவன் சாப்பிடாமல் பாறைமேல் குப்புறப் படுத்திருந்தான். அன்றைய படத்துக்குக் கீழே நான் போட்ட டிக் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து அடுத்த மாதம் கூப்பிட்டார்கள். காலை வணக்கத்துக்கு வரிசையில் போகும்போது பையன் சும்மாச் சும்மா விழுகிறான், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார் டீச்சர். வீட்டுக்குப் பக்கத்து டாக்டர் சத்து டானிக்கும் ராகிக் கஞ்சியும் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து ஓசூரிலேயே குழந்தைகளுக்குப் பார்க்கும் ஒரு வயதான டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பையனின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"தரையில உக்காரு கண்ணா. சரி, இப்ப எந்திரி."

அவன் எப்போதும் எழுந்திருப்பதுபோலத்தான் எழுந்தான். முதலில் குனிந்து நாலு காலில் நின்றான். பின்பக்கத்தைத் தூக்கினான். ஒரு கையை முட்டியில் ஊன்றி, இன்னொரு கையைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேலேயே ஏறுவதுபோல நிமிர்ந்தான். நான் அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அது அவன் பழக்கம் என்று இருந்துவிட்டேன். அந்த அம்மா இன்னொரு தடவை எழச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "அப்பா வரலையா?" என்று கேட்டார்.

பெங்களூருக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள், முடிவு வரப் பல வாரம் ஆனது. அங்கிருந்த டாக்டர் எங்களுக்காகத் தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். தசை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிற வியாதி. பையன்களுக்குத்தான் வரும். நடக்கிறவரை நடப்பான், பிறகு நாற்காலி. பிறகு கை. பிறகு மூச்சும் இதயமும்.

"மருந்து இருக்குங்களா சார்?" என்று கேட்டார் என் கணவர்.

"மாத்திரை இருக்கு. தள்ளிப் போடும். நிறுத்தாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க தாய் வீட்டுல ஆம்பளப் பசங்க யாராவது சின்ன வயசுல நடக்க முடியாம போயிருக்காங்களா?"

என் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். இளம்பிள்ளை வாதம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். எனக்கு ஆறு வயதில் அவரைக் கட்டிலில் பார்த்திருக்கிறேன். கால்கள் மடங்கி, முகம் மட்டும் பெரிதாக. யாராவது அவரைத் தெருவுக்குத் தூக்கி வந்து உட்காரவைத்ததாக எனக்கு நினைவில்லை. பதினேழு வயதில் இறந்துபோனார். டாக்டரிடம் இதைச் சொன்னேன். என் ரத்தத்தையும் எடுத்தார்கள். என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று அதிலும் தெரிந்துவிட்டது.

அந்த முடிவோடு திரும்பி வரும்போது, அத்திப்பள்ளி நெரிசலில் பேருந்து நின்றிருந்தது. "என்கிட்டேருந்துதாங்க வந்திருக்கு" என்றேன்.

"பஸ்ஸுல வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகும் அவர் அதைப் பேசவில்லை. இன்றுவரை பேசியதில்லை. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன்.

சின்னவனையும் பரிசோதித்துவிடுங்கள், பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் போகவில்லை. அவன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தான். "தெரிஞ்சு என்னா பண்ணப் போறோம்? கொஞ்ச நாள் வுடு" என்றார் அவர். நானும் விட்டேன். விட்டதில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்தது. ஒருவனையாவது பயமில்லாமல் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவன் எழும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாத்திரையில் பெரியவனுக்குக் கன்னம் உப்பியது. தெருவில் பார்க்கிறவர்கள், "பையன் நல்லா உடம்பு போட்டிருக்கானே" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நானும் சிரித்துவைப்பேன். கோயிலில் ஜெபக்கூட்டம் நடத்தும் ஓர் அக்கா எண்ணெய் தடவி ஜெபித்தார். ஆறு மாதம் கழித்து, "உன் விசுவாசத்துலதான் ஏதோ குறை இருக்கு" என்றார். அதற்குமேல் அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

குன்றுகளை விட்டுவிட்டு, படி இல்லாத இடங்களாகப் பார்த்துப் போக ஆரம்பித்தோம். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கே எத்தனை தடவை போயிருப்போம் என்று கணக்கில்லை. பெரியவனுக்கு எட்டு வயதானபோது, அந்தப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து அவன் கேட்டான்:

"அம்மா, நீ ஏன் இப்பல்லாம் மலை ஏறறதில்ல? என்னாலயா?"

"இல்லடா, அம்மாக்கு மூச்சு வாங்குது."

"பொய். நீ ஏறு. நாங்க கீழ இருந்து பாக்கறோம்."

அடுத்த ஞாயிறு ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கரட்டுக்கு அவனேதான் கிளப்பிக் கூட்டிப் போனான். அடிவாரத்தில் ஒரு புளியமரத்து நிழலில் மூவரும் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மட்டும் ஏறினேன். கை பிடிக்க யாரும் இல்லை, காத்திருக்கவும் யாரும் இல்லை. கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டேன். மேலே நல்ல காற்று. ஏரிகள், தக்காளித் தோட்டங்கள், தூரத்தில் கம்பெனிக் கூரைகள் எல்லாம் தெரிந்தன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. போன் அடித்தது.

"அம்மா, தெரியுதா எங்கள? கை ஆட்டு!"

ஆட்டினேன். கீழே பெரியவன் அப்பாவின் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

பாதி இறங்கி வந்தபோது சின்னவன் என்னைப் பார்த்துப் பாதையில் ஓடி வந்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. ஏதோ கல் தடுக்கி விழுந்தான். பெரிய அடி இல்லை, அழவும் இல்லை. நான் தள்ளி இருந்தேன். திரும்பிக்கொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவன் நாலு காலில் நின்றான். பின்பக்கத்தைத் தூக்கினான். ஒரு கை முட்டிக்கு வந்தது. இன்னொரு கை தொடைக்கு.

கீழேயிருந்து பெரியவன் கைதட்டிச் சிரித்தான். "அப்பா, பாருப்பா! தம்பி என்ன மாதிரியே எந்திரிக்கிறான்!"

என் கணவர் டிபனைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் குனிந்து நாலு தட்டிலும் சோற்றைப் போட்டார். நான் வந்து உட்கார்ந்தேன். சாப்பிட்டோம். சின்னவன் அப்பளம் நமத்துப்போய்விட்டது என்று சிணுங்கினான். அவர் தன் அப்பளத்தை அவனுக்குக் கொடுத்தார், அதுவும் நமத்ததுதான். கை கழுவும்போது என்னிடம் மட்டும், "பெங்களூருக்கு எப்பன்னு கேட்டுச் சொல்லு. லீவு போடணும்" என்றார்.

பரிசோதனை முடிவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இருவருக்கும் ஒரே வியாதி.

இப்போது பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு எட்டு. பெரியவன் போன வருஷம் நடப்பதை நிறுத்தினான். நடை ஒரே நாளில் நின்றுவிடவில்லை. வீட்டுக்குள் மட்டும் என்று ஆகி, சுவரைப் பிடித்து மட்டும் என்று ஆகி, ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்தவன் அப்புறம் எழவில்லை. மாடி வீட்டைக் காலி செய்து கீழ்வீட்டுக்கு வந்தோம். கம்பெனி நண்பர் ஒருவரின் பழைய வேனை அவர் வாங்கினார். நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம். பெரும்பாலும் இறங்குவதில்லை. சாலையோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்போம், அவ்வளவுதான். குன்று நோட்டின் மீதிப் பக்கங்களில் சின்னவன் லாரிகளாக வரைந்து தள்ளிவிட்டான். நான் வரைவதில்லை. நல்ல ஒரு கரட்டைப் பார்த்தால் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து என் முகத்தைப் பார்க்கிறார். நான் போகச் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு தேன்கனிக்கோட்டைச் சாலையில் போனோம். காட்டோரம் நிறுத்தலாம் என்று பார்த்தால், எதிரே பைக்கில் வந்தவர், "யானை ரோட்டாண்ட நிக்குதுங்க, திரும்பிடுங்க" என்றார். பையன்கள் பார்க்கலாம் என்று கத்தினார்கள். இவர்களை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? திரும்பி வந்து ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினோம். ஏரியில் தண்ணீரைவிடப் பாசிதான் அதிகம். பெரியவனுக்குச் சீக்கிரம் கை சோர்ந்துவிடுகிறது. பாதிக்குமேல் நான்தான் ஊட்டுகிறேன்.

சின்னவன் கேட்டான்: "அம்மா, எனக்குச் சேர் எப்ப வாங்குவீங்க? எனக்கு நீலக் கலர் வேணும். அண்ணன் மாதிரி கறுப்பு வேணாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவன் சொன்னான்: "உனக்கு எதுக்குடா புதுசு? என்னோடது உனக்கு வந்துரும். அப்ப எனக்குத் தேவப்படாது."

அவன் கோபமாகவோ துக்கமாகவோ சொல்லவில்லை. பள்ளிப் பையைத் தம்பிக்குக் கொடுத்தது மாதிரி சொன்னான். அவன் என் போனில் என்னென்னவோ தேடிப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். என்ன படித்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீலமே வாங்கலாம்" என்றார். சின்னவன், "எப்ப?" என்றான். நான் பெரியவனின் வாயைத் துடைத்துவிட்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.