அமுங்காத சுவர்

கடலோரப் பணி அலுவலகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'அமுங்கல் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்ததில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம். பெயர் சும்மா வரவில்லை. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், தரையையும் சுவரையும் ஒரு பார்வை பார்த்து, இது இன்னும் எவ்வளவு கீழே போகும் என்று யோசித்த பிறகுதான் இலையைப் பார்ப்பாள்.

கடல் ஊருக்குள் வராமல் தடுக்கும் நீளச் சுவரைக் கட்டியபோது, அடியிலிருந்த களிமண்ணுக்குக் கணக்குப் போட்டவள் அவள்தான். நனைந்த தலையணைமேல் பாரத்தை வைத்தால் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தலையணை தட்டையாகும் அல்லவா? அந்தக் களிமண்ணும் அப்படித்தான், வருஷக்கணக்கில் நீரை விட்டு அமுங்கும். இருபது வருஷத்தில் சுவர் ஒரு முழம் இறங்கும், பாதி வழியில் ஒருமுறை உயர்த்தியே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தாள். சுவரும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் சட்டென்று நின்றுவிட்டது.

"உங்க களிமண் களைச்சுப் போச்சு போல மேடம்," என்று தலைமைப் பொறியாளர் சிரித்தார். சுவரை உயர்த்தும் வேலையை இந்த வருஷப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

அவளுக்கு வருத்தம் இல்லை. சுவருக்குப் பின்னால் முதல் தெருவில் அவள் தங்கை தையற்கடை வைத்திருக்கிறாள். கடல் சீறும் மாதங்களில் மெஷின்களை உயரப் பலகைமேல் ஏற்றிவைத்துவிட்டு, தூக்கம் வராமல் புரளுவாள்.

"நான் போட்ட கணக்கு தப்புடி. சுவர் நின்னுடுச்சு. நிம்மதியா தூங்கு," என்று தங்கையிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"உன் வாயால 'தப்பு'ன்னு கேக்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்!" என்று தங்கை கைதட்டிச் சிரித்தாள். அன்றைக்கே மெஷின்களைத் தரைக்கு இறக்கிவிட்டாள்.

எல்லாம் சரி. ஆனால் ஏன் நின்றது? களிமண்ணுக்கு ஏது ஓய்வு? இந்தக் கேள்வி அவளை விடவில்லை. சாப்பிடும்போது கேட்டது, பஸ்ஸில் கேட்டது. கடைசியில் சர்வேயரோடு அவளும் அளவெடுக்கக் கிளம்பிவிட்டாள்.

சுவர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க, அசையாத ஓர் இடம் வேண்டும். சுவருக்குச் சற்றுத் தள்ளியிருந்த பம்ப் ரூமின் அடிமேடையில் பதித்த பித்தளைக் குமிழ்தான் அந்த இடம். பழைய கட்டடம், இறங்குவதெல்லாம் எப்போதோ இறங்கி முடிந்துவிட்டது என்று அவளே தேர்ந்தெடுத்தது.

தூறல் போட்டது. இருவரும் பம்ப் ரூமுக்குள் ஒதுங்கினார்கள். அவள் பென்சில் கைதவறி விழுந்து, உருண்டு, பின்சுவரில் போய் முட்டியது. எடுத்துவந்து மறுபடி தரையில் வைத்தாள். மறுபடியும் அங்கேயே போனது.

"என்ன மேடம், விளையாடுறீங்களா?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"கல்லுதான். கடல் சுவர் ரிப்பேருக்கு வாங்கினது. லாரி திரும்ப வசதின்னு இங்க மலையாக் கொட்டிட்டாங்க. ஆச்சு, மூணு வருஷம்."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சுவரைக் காக்க வாங்கிய கல், சுவரை அளக்கும் இடத்தையே அமுக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கினால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது நிற்பதாகத்தானே தெரியும்?

மறுநாள் கலங்கரை விளக்கம் நிற்கும் அசையாத பாறையிலிருந்து அளவெடுத்துக்கொண்டே சுவர்வரை வந்தார்கள். வழியெல்லாம் முணுமுணுத்த சர்வேயர் கடைசி அளவைப் பார்த்ததும் கத்தினார்.

"மேடம்! நீங்க அன்னிக்குச் சொன்ன அளவுக்கே இறங்கியிருக்கு. ஒரு விரல்கூட பிசகல!"

ஒரு நிமிஷம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். அப்புறம் சுவரின் மேலிருந்து தங்கையின் கடை கண்ணில் பட்டது. கதவு திறந்திருந்தது. மெஷின்கள் தரையில் இருந்தன.

தலைமைப் பொறியாளர் வாதாடவில்லை. அளவுகளை இரண்டு தடவை பார்த்தார். "கல்லை அங்க கொட்டச் சொன்னது நான்தான்," என்று தலையைச் சொறிந்துவிட்டு, மழைக்கு முன்னால் சுவரை உயர்த்த ஏற்பாடு செய்தார்.

தங்கையிடம் போய்ச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னதுதான் தப்பு. என் கணக்கு சரிதான்டி."

"சரியாப் போட்டதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்திருக்கே?"

"மழைக்கு முன்னாடி உசத்திடுவாங்க."

"அப்போ பிரச்சினை தீர்ந்தது."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "உசத்தினா பாரம் கூடும். பாரம் கூடினா இன்னும் இறங்கும். மறுபடி உசத்தணும்."

"அப்போ நீ ரிடையர் ஆயிருப்பியே. யாரு பாப்பாங்க?"

எத்தனையோ வருஷத்துக்கு அப்பால் மண் என்ன செய்யும் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

தங்கை எழுந்து ஒரு மெஷினின் ஓரத்தைப் பிடித்தாள். அக்கா மறு ஓரத்தைப் பிடித்தாள். இருவருமாக அதைப் பழையபடி பலகைமேல் ஏற்றினார்கள்.

"அடுத்த கணக்கையாவது தப்பாப் போடுக்கா," என்றாள் தங்கை.