சுத்தம் செய்யக் கடன் கேட்டோம்

எர்ணாவூரில் எங்கள் பிளேட்டிங் பட்டறை பிள்ளைகள் பிறக்கும் முன்பே ஆரம்பித்தது. கதவுக் கைப்பிடி, பைக் பாகங்கள் எல்லாம் வரும். என் கணவர் அவற்றை ஆசிட்டில் கழுவி, நிக்கல் தொட்டியில் முக்கி, பளபளவென்று எடுப்பார். நான் துடைத்துக் காகிதத்தில் சுற்றுவேன். கழுவின தண்ணீர், தெருவில் எல்லாப் பட்டறைகளிலும் போல, பின்பக்கக் கால்வாய்க்குப் போனது.

தெரு அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வரத் தொடங்கிய பிறகு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் மெஷின் வைத்தால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்போம் என்றார்கள். என் கணவர் எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் போனதும் என்னிடம், "அவுங்க சொல்றது நாயம்தான். நம்ம புள்ளைங்களும் அந்தத் தண்ணிலதான் குளிச்சிகினு கீதுங்க" என்றார்.

ராயபுரத்தில் எங்கள் கணக்கு இருந்த வங்கிக்குப் போனோம். முன்பு வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டிய இடம். சுற்றுச்சூழலைக் காக்கும் தொழிலுக்குக் கடன் என்று பச்சை இலை போட்ட போஸ்டர் வாசலிலேயே இருந்தது. நமக்காகத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் இளம் பெண். கம்ப்யூட்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிளேட்டிங், சாயம் மாதிரித் தொழில்களை வங்கி இப்போது ஆபத்தான பிரிவில் வைத்திருக்கிறது, நடப்பு லைசென்ஸ் இல்லாமல் விண்ணப்பமே போகாது என்றார்.

"மெஷினு வச்சாதான் மேடம் லைசென்சு தருவாங்க. அந்த மெஷினு வாங்கத்தான் உங்களாண்ட வந்துகீறோம்" என்றார் இவர்.

"புரியுதுங்க. சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. நான் மேலே எழுதிப் பாக்கறேன்."

எழுதவும் செய்தார். முடியாது என்று பதில் வந்ததை அவரே போன் செய்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். வேறு வங்கிகளிலும் அதையே சொன்னார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்களோடு சேர்ந்து ஒரே மெஷின் வாங்கலாம் என்று இவர் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். முதலில் தலையாட்டியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். என் நகை எந்த மூலைக்கும் காணாது.

லைசென்ஸ் கெடு முடிந்த பிறகு, ஒருநாள் காலையில் அதிகாரிகள் கரண்டைத் துண்டிக்க வந்தார்கள். தொட்டியில் வேலை கொடுத்த பார்ட்டியின் கைப்பிடிச் சரக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று இவர் கெஞ்சினார். விட்டார்கள். மோட்டார் சத்தம் நின்றுபோன பட்டறையில், அரைகுறையாக வெளுத்த கைப்பிடிகளை இருவரும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். அப்புறம் கதவுக்கு சீல் வைத்தார்கள்.

இப்போது கத்திவாக்கத்தில் ரயிலேறி மீஞ்சூருக்குப் போகிறார். அங்கிருந்து உள்ளே தள்ளி, போர்டு இல்லாத ஒரு ஷெட். அதே பிளேட்டிங் வேலை, தினக்கூலி. அந்த முதலாளி லைசென்ஸும் வாங்கியதில்லை, வங்கிக்கும் போனதில்லை. சொந்தப் பணம்.

"அங்க தண்ணி எங்க போவுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பின்னாடி குழி வெட்டி உட்றாங்க. அதுக்கு அந்தாண்ட வயலு கீது."

வேறு வேலை பார்க்கலாமே என்றேன். இந்த வயசில் என்னை யார் எடுப்பார்கள் என்று கேட்டார். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் அதே ரயிலுக்குக் கிளம்பினார்.