தலைகீழாக வைத்த பாட்டில்கள்

கடல் சேற்றை ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அண்ணி முகம் சுளிக்கவில்லை. "நாறுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மூடியிருக்கும்வரை நாறாது என்றேன். உடனே கீழ்த்தட்டைக் காலி செய்து, தோசைமாவுப் பாத்திரத்தை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தார்.

செங்கல்பட்டில் அண்ணன் வீட்டில் தங்கித்தான் ஆராய்ச்சி செய்கிறேன். மாமல்லபுரத்துக்கு அப்பால் கடலடிச் சேற்றில் எவ்வளவு மீத்தேன் வாயு அடைபட்டிருக்கிறது என்று அளப்பது என் வேலை. படகிலிருந்து நீளக் குழாயை இறக்கிச் சேற்றை எடுப்போம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் உப்புநீரோடு போட்டு, ரப்பர் அடைப்பு வைத்து, மேலே அலுமினிய மூடியை நெரித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும். தண்ணீர் அடைப்பின் பக்கம் வந்துவிடுவதால் வாயு எளிதில் கசியாது. அன்று ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டி பழுது. அங்கே என் மேஜையடியில் இருந்த ஐஸ்பெட்டியில் அடங்காத ஒரு தட்டுப் பாட்டில்கள்தான் அண்ணியிடம் வந்தன.

மறுநாள் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி சொன்னார். "தம்பி, பாட்டில்லாம் தலகீழா கவுந்து கெடந்துச்சு. ஒழுகிடப் போவுதுன்னு நிமித்தி வெச்சிட்டேன். தொடச்சும் வெச்சிட்டேன்."

அவர் பாராட்டை எதிர்பார்த்து நின்றார். நான் கத்தினேன்.

"உங்கள யாரு அண்ணி தொடச் சொன்னது? எல்லாம் போச்சு. தெரியாத விஷயத்துல ஏன் கைய வெக்கிறீங்க?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. அண்ணி, "தெர்ல தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். தலைகீழாக வைக்க வேண்டும் என்று அவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றவே இல்லை.

என் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியையிடமும் போட்டுக் கொடுத்தேன். "வீட்டுல அண்ணி நிமிர்த்திட்டாங்க மேடம். அளவு கொறஞ்சா அதான் காரணம்."

பாட்டிலுக்குள் ஊசி குத்தி, வாயுவை உறிஞ்சி இயந்திரத்தில் செலுத்தினோம். அண்ணி நிமிர்த்திய பாட்டில்களில் பெரும்பாலானவற்றில் வாயு நன்றாகவே இருந்தது. யாருமே தொடாத ஐஸ்பெட்டிப் பாட்டில்களில்தான் பாதிக்கு மேல் வாயு இல்லாமல் காலி. பேராசிரியை ஒரு காலி பாட்டிலை எடுத்து மூடியை விரலால் திருப்பினார். சுற்றியது. சரியாக நெரித்த மூடி சுற்றாது.

"இதெல்லாம் யாருப்பா மூடினது?"

நான்தான். படகு ஆடுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று அவசர அவசரமாக மூடினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் எதிரில் திட்டினேன், அதனால் அண்ணன் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். "வுடு தம்பி, வேலைன்னா அப்டித்தான்" என்று அண்ணி டீ போடப் போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். பாட்டில்கள் போய்விட்ட கீழ்த்தட்டைக் கழுவித் துடைத்து, மாவுப் பாத்திரத்தையும் நானே எதிர்வீட்டிலிருந்து வாங்கிவந்து வைத்தேன். அது ஆகிப் பல வாரங்கள்.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி மதுராந்தகத்துக்கு வேலைக்குப் போகிறவர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, டப்பாவில் சோறு காத்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்தவர் திறக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, தயிர் எடுத்துக்கட்டா?"

"உங்க ஃபிரிட்ஜு அண்ணி."

"இல்ல, நீ எதுனா வெச்சிருந்தீன்னா..."

வாயில் நுரையோடு, ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் திறந்தார்.